சாம்பலில் ஒரு ராத்திரி

பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்த ஒன்பதாம் நாள்
கேஜ்வீல் மாட்டிச் சேறடித்துக்கொண்டிருந்தேன்.
குவாரிக்காரன் கழித்துப்போட்ட கல்லொன்று
சேற்றுக்குள் படுத்திருந்தது.
வண்டி ஒருமுறை எக்கியது.
பிறகு என் காலடியில்
டொக்.

கியர் ஹவுசிங்கின் வயிறு பிளந்து
ஆயில் மயில்கழுத்து நிறத்தில்
நாற்றங்கால்வரை படர்ந்தது.

ஒத்தக்கடையில் ஜெய்லானி பட்டறை.
எதிரே யானைமலை வெயிலில் காய்ந்துகிடந்தது.
வண்டியை நடுவில் பிரித்தார்கள்.
முன்பாதி கல்லின் மேல், பின்பாதி ஜாக்கியின் மேல்,
இடையில் கிடைத்த சந்தில்
ஒரு கோழி, வரி கட்டிய சாலை போல,
நிதானமாக நடந்துபோயிற்று.

லூர்து மண்ணெண்ணெயில் கழுவினான்.
நீலம் போயிற்று.
நீலத்துக்கு அடியில் சிவப்பு.
சிவப்புக்கு அடியில் பட்டி.
பட்டிக்கு அடியில்
ஒரு சாண் நீளத்துக்குப் பித்தளை.

ஜெய்லானி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
'அக்கா, இது ஏற்கெனவே ஒருதடவை உடைஞ்சது.'

பாகம் பிரித்த அன்று
நஞ்சை அடைக்கன் அண்ணனுக்கு,
வண்டி எனக்கு.
'நிலம் கெடந்த எடத்துல கெடக்கும், இது ஓடும்ல'
என்று சாவியை என் உள்ளங்கையில் வைத்தான்.
புதுப் பெயிண்ட் வாசம்
அன்றைக்கு எனக்கு
மரியாதை போலிருந்தது.

பட்டறை வாசலிலிருந்து போன் போட்டேன்.
கேட்டுவிட்டு இருமினான்.
'பதினோரு வருசம் ஓடுச்சுல்ல?'
அதுவும் நிஜம்தான்.
அதுதான் எரிச்சல்.

பித்தளை ஒரு பொட்டு மிஞ்சினாலும்
நிக்கல் குச்சி ஒட்டாதாம்.
கிரைண்டரை வைத்தான். பித்தளையில் பொறி வராது,
வெறும் மஞ்சள் தூள்தான் கொட்டும்.
பொறி எப்போது பறக்கிறதோ
அப்போது இரும்பைத் தொட்டாயிற்று.
இரண்டு மணிநேரம் பொறிக்காக நின்றேன்.

சாக்பீஸ் பூசியபோது
எண்ணெய் கசிந்து காட்டிக்கொடுத்தது:
நாங்கள் பார்த்த முனைக்கு நாலு விரல்கடை தள்ளித்தான்
விரிசல் முடிந்திருந்தது.
அங்கே ஒரு துளை போட்டான்.
'இதுக்கு மேல போகாது' என்றான், நாய்க்குச் சொல்வதுபோல.

கருவேலங்கரி மூட்டி வாட்டினான்.
ஒரு அங்குலம் பற்றவைப்பான்,
சுத்தியால் தட்டுவான், தட்டிக்கொண்டே இருப்பான்,
பிறகு வேறொரு ஓரத்தில் இன்னொரு அங்குலம்.
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒட்டினால் இழுத்துக்கொள்ளுமாம்.

பொழுது சாய உமிச்சாம்பலில் புதைத்தார்கள்.
'தானா ஆறணும். அவசரப்பட்டா
டிங்குனு ஒரு சத்தம் வரும்.
அது கேட்டுச்சுன்னா பேரீச்சம்பழத்துக்குத்தான்.'

வீட்டுக்குப் போகவில்லை.
டயர் மேல் உட்கார்ந்திருந்தேன்.
மேலூர் போகும் கல் லாரிகள், கொசு,
சாம்பல் மேட்டின் மேல் நடுங்கும் சூடு.
அண்ணனைத் திட்ட வேண்டிய வார்த்தைகளை
வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்,
ஒவ்வொன்றாக மறந்துபோயிற்று.
இரண்டு மணி இருக்கும்.
டிங்.

எழுந்தபோது முட்டி விசைகலப்பையில் இடித்தது.
மறுபடி டிங்.
மேலே, குளிரில் சுருங்கும் தகரக் கூரை.

விடிந்து தோண்டினார்கள்.
ஜெய்லானி சுத்தியை என்னிடம் நீட்டினான்.
சந்தையில் பானை வாங்கும் கையால்
தட்டினேன்.
ணங்.

லூர்து நீல டப்பாவோடு வந்தான்.
'பட்டி போட்டு அடிச்சா தெரியவே தெரியாதுக்கா.'
வேண்டாம் என்றேன்.
துரு ஏறும் என்றான்.
ஆயில் தடவிக்கொள்கிறேன் என்றேன்.

பதினாலாம் நாள் முறை
அடைக்கன் அண்ணன் வயலுக்கு.
வரப்பில் தலைத்துண்டோடு நின்றான்.
தழும்பு வலப்பக்கம்.
வயலை இடமாகவே சுற்றினேன்.
நாலாவது சுற்றில் அவன் கண் அங்கே போயிற்று.
ஒன்றும் கேட்கவில்லை.
துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டான்.

இரண்டரை மணிநேரம்,
மணிக்கு ஆயிரத்து இருநூறு, மூவாயிரம்.
அவன் நீட்டியதில் ஐந்நூறு கூடுதலாயிருந்தது.
அதை மட்டும் உருவித் திருப்பிக் கொடுத்துவிட்டு
அடுத்த வயலில் இறங்கினேன்,
சேற்றுக்குள் கல் கிடக்கிறதா என்று
உள்ளங்காலால் கேட்டபடி.